ராஜா அம்பாட்: நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா?

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளுக்கு இவ்வளவு செலவு செய்து போவதில் அர்த்தம் இருக்கிறதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் கப்பலிலேயே தங்கிச் சுற்றும் திட்டத்தை எடுக்காதீர்கள். அது நாள் முழுக்கக் கடலுக்குள் முழுகுபவர்களுக்கானது. பாப்புவா குடும்பங்கள் தங்கள் கிராமத்திலேயே நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். தண்ணீர் மேல் மரக்கால் ஊன்றி நிற்கும் ஓலைக் குடில். சாப்பாடும் பெரும்பாலும் வாடகையிலேயே சேர்த்தி.

உலகில் அறியப்பட்ட கல்பவள இனங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி இந்தக் கடலில் இருக்கின்றன. மீனியல் அறிஞர் ஜெரால்ட் ஆலன் கிரி தீவின் முனையில் ஒரே முழுக்கில் 374 வகை மீன்களை எண்ணினார். இதில் ஒரு பங்கைக் கரையில் இருந்தபடியே பார்க்கலாம். அர்போரெக் தீவின் படகுத்துறையில் குனிந்து நின்றாலே தூண்களைச் சுற்றி மீன்கூட்டம் மொத்தமாகத் திரும்புவது தெரியும்.

இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு துறைக்கு வாருங்கள். இங்கே நடக்கும் சுறா உண்டு. நான் பார்த்தது ஒரு கை நீளம்கூட இருக்காது. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி. முழங்கால் அளவுத் தண்ணீரில் துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி, ஒரு பவளத்துண்டைச் சுற்றி வந்து, மூக்கை மணலில் நுழைத்து இரை தேடியது. வெளிச்சம் பட்டும் அவசரப்படவில்லை.

அடுத்தது காடு. காம் தீவின் சாவிங்க்ராய் கிராமத்திலிருந்து, விடியுமுன் உள்ளூர் வழிகாட்டியோடு மேடேற வேண்டும். சிவப்புச் சொர்க்கப் பறவையின் ஆண்கள் மரத்தின் உச்சிக் கிளையில் கூடி, சிறகை விரித்துத் தலைகீழாகத் தொங்கிப் பெட்டைகளை அழைக்கும். வாலிலிருந்து நீண்டு சுருளும் இரண்டு கறுப்பு நாடாக்கள் கீழே நிற்கும் நமக்கே தெளிவாகத் தெரியும். 1860-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வைகியோ தீவுப் பக்கம் வந்ததே இந்தப் பறவையைத் தேடித்தான். இதன் உறவான வில்சன் சொர்க்கப் பறவை வைகியோ, பட்டாந்தா தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆண் பறவை தரையில் ஆடுகளம் அமைக்கும். அங்கே ஓர் இலை விழுந்தாலும் கவ்வி அப்பால் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

இனி, கிராமத்தில் தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம். இங்கே சாசி என்றொரு வழக்கம் இருக்கிறது. கடலின் ஒரு பகுதியை ஊரே கூடிப் பேசி மூடிவிடுவார்கள். பல ஊர்களில் தேவாலயத்தில் ஜெபம் செய்து அறிவிப்பார்கள். அதன்பின் அங்கே கடல் அட்டையோ சிங்கி இறாலோ யாரும் எடுக்கக் கூடாது. மாதக்கணக்கில், சில இடங்களில் அதற்கும் மேல், அப்படியே கிடக்கும். பிறகு குறித்த நாளில் திறந்து, அளவோடு எடுத்து, மறுபடி மூடுவார்கள். மிசூல் தீவின் கபாட்சோல் கிராமத்தில் இதை நடத்துவது பெண்கள் குழு. அரசு பின்னால் வந்தது: 2010-இல் மாவட்ட நிர்வாகம் இந்தக் கடலைச் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தது. நாம் பார்த்து மலைக்கும் வளத்தில் இந்த மக்களின் கட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வீடுகளில் நாம் கொடுக்கும் வாடகை, கடலைக் காப்பவர்கள் கைக்கே நேராகப் போகிறது.

நெருக்கடியும் இல்லாமல் இல்லை. நிக்கல் சுரங்கங்களுக்கு எதிராகக் குரல் எழுந்த பிறகு, 2025 ஜூனில் இந்தோனேசிய அரசு அங்கிருந்த ஐந்து அனுமதிகளில் நான்கை ரத்து செய்தது. காக் தீவுச் சுரங்கத்தின் அனுமதி மட்டும் தப்பியது. மண் வெட்டும் இடத்தில் மழை பெய்தால் சேறு நேரே பவளத்தின் மேல் படியும். அதனால்தான் அந்த ஒன்றும் எனக்கு உறுத்துகிறது.

பயணத்துக்கு: ஜகார்த்தாவிலிருந்து சொரோங் நகருக்கு விமானம், அங்கிருந்து வைகியோ தீவின் வைசாய் ஊருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஃபெர்ரி, பிறகு ஹோம்ஸ்டேக்காரர்களின் படகு. பெட்ரோல் விலையால் படகுச் செலவுதான் பையைக் காலி செய்யும். அதே வீட்டில் தங்கும் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பணத்தை சொரோங்கிலேயே எடுத்துவிடுங்கள், தீவுகளில் ரொக்கம்தான். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் காற்று பலமாக வீசும். மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படுமுன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். படகில் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சாப்பாடு சோறும் மீனும்தான். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். முட்டை, காய்கறி, டோஃபு எல்லாம் படகில்தான் வந்து சேர வேண்டும்.