வாசகர் கேள்வி – பதில்: சித்திரையில் ஏரிக்கரை

கேள்வி: பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள உறவினர் வீட்டில் சித்திரை மாதம் பத்து நாள் தங்கப்போகிறேன். வலசைப் பறவைகள் போன பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கும்? இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பார்ப்பது அவற்றுக்குத் தீங்காகுமா?
– பள்ளி ஆசிரியை ஒருவர், திருவள்ளூர்

பதில்: எல்லாப் பறவைகளும் போய்விடுவதில்லை. மார்கழியில் சாம்பல் நிறத்தில் மேய்ந்த வளைமூக்கு உள்ளான்களில் சில, சைபீரியாவுக்குக் கிளம்பும் முன் செங்கல் நிறத்துக்கு மாறி, சித்திரைத் தொடக்கத்திலும் சேற்றில் நிற்கும். ஆனால் என்னைக் கேட்டால், இம்மாதத்தில் பொறுமையாகக் கவனிக்க வேண்டியது நம் ஊர் ஆள்காட்டியைத்தான். வெறுந்தரையில் மண் நிறத்தில் கரும்புள்ளியிட்ட முட்டைகளை இட்டுவிட்டு, வெயில் ஏறியதும் நீரோரம் சென்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அது அவற்றின் மேல் அமர்வதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் அங்கே நிற்கும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் காயும்.

அந்துப்பூச்சி என்றதும் நமக்கு அரிசிப் பானையும் பட்டுப்புடவையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கெட்ட பெயர் ஒரு சில இனங்கள் சம்பாதித்துக் கொடுத்தது. வீட்டில் அரளிச் செடி இருந்தால், இறக்கையில் பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குக் கோலம்போல் ஓடும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வரக்கூடும். சொர்ணவாரிப் பருவத்து நெல் நாற்று நட்ட வயல் பக்கத்தில் இருந்தால், விரல்நகம் அளவே உள்ள வெள்ளை அந்துகளைத் தேடுங்கள். இவற்றின் புழுவை உழவர்கள் கூண்டுப்புழு என்பார்கள். இலை நுனியைக் கத்தரித்துக் குழலாகச் சுருட்டி, அதற்குள் இருந்தபடியே நீரில் மிதந்து, மீனைப்போலச் செவுள்களால் மூச்சுவிடும்.

விளக்கைப் பற்றிய உங்கள் தயக்கம் சரியானதே. பூச்சிகள் ஒளியின் மேல் உள்ள ஆசையால் விழுவதில்லை என்றும், முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துப் பறக்கும் இயல்பால் விளக்கைச் சுற்றியே சிக்கிக்கொள்கின்றன என்றும் 2024இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே அமாவாசையை ஒட்டிய இரவுகளில், கடற்காற்று நேராக அடிக்காத சுவர் மறைவில், ஏழு மணி முதல் பத்து மணி வரை பார்த்தால் போதும். ஒருமுறை நான் விளக்கை அணைக்காமலே தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தபோது கரிச்சான் ஒன்று துணிக்கு எதிரே கம்பியில் அமர்ந்திருந்தது, கீழே இறக்கைகள் மட்டும் கிடந்தன. அன்றிலிருந்து, முடித்ததும் விளக்கை அணைத்து, துணியை மெல்ல உதறிப் புதர்ப் பக்கம் விட்டுவிடுகிறேன்.

வீடு கடற்கரைப் பக்கமாக இருந்தால் விளக்கு கடலை நோக்கித் தெரியவே கூடாது. சித்திரை, பங்குனி ஆமைகளின் முட்டைகள் பொரியும் காலம். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று எண்ணி ஊருக்குள் வந்துவிடும்.