127 புரூஃப் பர்பன் எரியுதுன்னா காசு வீணா?

கேள்வி: டல்லாஸ்ல இருக்கேன். கடைக்காரர் பேச்ச கேட்டு 127 புரூஃப் பர்பன் விஸ்கி ஒன்னு 90 டாலருக்கு வாங்கினேன். ஒரு வாய் வச்சதுமே நாக்கெல்லாம் எரியுது, மூக்குல நெயில் பாலிஷ் நெடி. புரூஃப் ஏற ஏற தரமும் ஏறும்னு நெனச்சேன், ஏமாந்துட்டேனா? தண்ணி விட்டா கெட்டுப்போகும்ங்கறாங்களே? மிச்சத்த ஊருக்கு எடுத்துட்டு போலாமா?

பதில்: ஏமாந்தீங்களா இல்லையான்னு இன்னும் சொல்ல முடியாது, ஏன்னா நீங்க இன்னும் அத சரியா குடிச்சே பாக்கல. அமெரிக்கால புரூஃப்ங்கறது ஆல்கஹால் சதவீதத்தோட ரெண்டு மடங்கு, உங்களுது 63.5 சதவீதம், அவ்ளோதான், அது தரத்துக்கு போட்ட மார்க் இல்ல. பீப்பாய்ல ஊத்தும்போது 125 புரூஃப தாண்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அப்புறம் 127 எப்படி வருதுன்னா, பர்பன் அதிகமா தயாராகற கென்டக்கி மாநிலத்து வெயில்ல குடோனோட மேல் மாடி சூடாகி ஆல்கஹாலவிட தண்ணி சீக்கிரமா ஆவியாயிடும், வருஷம் போகப்போக நம்பர் ஏறும். கீழ் மாடில அதே சரக்கு எறங்கவும் செய்யும். அதனால அந்த நம்பர் பீப்பாய் எங்க கெடந்துச்சுன்னு சொல்லும், ருசிய சொல்லாது.

தண்ணி விட்டா கெட்டுப்போகும்ங்கறத நம்பாதீங்க. 80, 90 புரூஃப்ல விக்கிற பர்பன்ல கம்பெனிக்காரனே தண்ணி கலந்துதான் அடைக்கிறான், பேரல் புரூஃப்ல, அதாவது பீப்பாய்ல இருந்த வீரியத்தோட அப்படியே அடைக்கிறதுல, அந்த வேலைய உங்க கைல விட்டிருக்கான், நீங்க காசு குடுக்கறதே அதுக்குத்தான். உங்க 750 மில்லிய 45 சதவீதத்துக்கு எறக்கினா ஒரு லிட்டருக்கு மேலயே வரும், அப்படி கணக்கு போட்டா 90 டாலர் அவ்வளவு மோசமில்ல.

இப்ப இப்படி செஞ்சு பாருங்க. வாய் குறுகின கிளாஸ்ல 30 மில்லி ஊத்தி ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க. மூக்க உள்ள விடாம விளிம்புக்கு கொஞ்சம் மேல வச்சு, வாய லேசா திறந்துகிட்டு மோந்து பாருங்க, நெடி அடங்கி வெனிலா, கேரமல் வரும், அது உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய் தர்ற வாசனை. முதல் சிப்ப வச்சு தீர்ப்பு சொல்லவே கூடாது, அதுல நாக்கு மரத்துதான் போகும், துளியூண்டு எடுத்து வாய் முழுக்க பரவவிட்டு முழுங்கிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது எடுங்க. அப்புறம் ஒன்றரை டீஸ்பூன் தண்ணி விட்டா 50 சதவீதம் பக்கம் வந்துடும், என்னைக் கேட்டா பர்பன எடை போட சரியான எடம் அதுதான். லேசா கலங்கினா பயப்படாதீங்க, குளிர வச்சு வடிகட்டாத விஸ்கி அப்படித்தான், அது குறை இல்ல.

முழுங்கினப்புறம் எரிச்சல் எறங்க எறங்க இனிப்போ, பட்டை மிளகு காரமோ, ஓக் வாசமோ வாய்ல தங்கி நிக்குதான்னு பாருங்க. தங்கினா நல்ல சரக்கு. எரிச்சல் போனதும் ஒன்னுமே இல்லன்னாலோ, தண்ணி விட்டும் அந்த நெயில் பாலிஷ் நெடி விலகலன்னாலோ அது நெஜமாவே சுமார்தான். ரொம்ப கொதிச்ச டிகாஷன் மாதிரி கசந்து நாக்க இழுத்தா பீப்பாய்ல அதிக நாள் கெடந்திருக்கு, அதுக்கும் சேத்துதான் விலை வாங்கியிருப்பாங்க.

அடுத்த தடவ லேபிள படிச்சுட்டு வாங்குங்க. ஸ்ட்ரெய்ட் பர்பன்னு போட்டு வயசு போடலன்னா குறைஞ்சது 4 வருஷம், அதுக்கு கம்மின்னா வயச போட்டே ஆகணும். காரம் ஒத்துக்கலன்னா ரைங்கற தானியம் சேக்கறதுக்கு பதிலா கோதுமை சேத்தது பாருங்க, மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த், லார்சனி பேரல் புரூஃப் ரெண்டும் அந்த வகை. பழகறதுக்குன்னா 100 புரூஃப் பாட்டில்டு இன் பாண்ட்ல ஆரம்பிக்கலாம், 1897 அமெரிக்க சட்டப்படி ஒரே டிஸ்டில்லரி, ஒரே சீசன், குறைஞ்சது 4 வருஷம். அப்புறம் வைல்ட் டர்க்கி ரேர் பிரீட், 116.8 புரூஃப், உங்க பாட்டில்ல பாதி விலை சுமாருக்கு பல கடைல கிடைக்கும், நான் அதத்தான் சொல்வேன்.

ஒன்னு முக்கியம். உங்க பாட்டில்ல 28 மில்லியே சாதாரண 40 சதவீத விஸ்கி 44 மில்லிக்கு சமம், எப்பவும் ஊத்தற அளவுல ஊத்திட்டு வண்டி சாவிய எடுத்துடாதீங்க.

ஊருக்கு எடுத்துட்டு போறதுன்னா திறந்த பாட்டில் வேணாம், சீல் உடைக்காததா இருக்கணும், செக்-இன் பெட்டிலதான் வைக்கணும். 140 புரூஃப தாண்டினா விமானத்துல விடவே மாட்டாங்க, சில பேரல் புரூஃப் பாட்டில் அத தாண்டும், அதனால வாங்கும்போதே நம்பர பாத்துக்கங்க.