பத்து வருடம் ஆகவில்லை என்றால் ராணுவ பென்ஷனில் பங்கே கிடையாதா?

அமெரிக்க ராணுவத்தில் 20 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் உங்கள் கணவர். அதில் 8 வருடம்தான் உங்களோடு குடித்தனம், அதனால் விவாகரத்து ஆனால் பென்ஷனில் சல்லிக்காசு வராது என்கிறார்களாம். அது தப்பு.

1982 கூட்டாட்சிச் சட்டம் பென்ஷனைப் பிரிக்கும் அதிகாரத்தை மாநில நீதிமன்றங்களிடம் விட்டது. குறைந்தபட்சம் இத்தனை வருடம் என்று எதுவும் சொல்லவில்லை. பத்து வருடக் கணக்கு பட்டுவாடாவுக்குத்தான். பணிக்காலத்தோடு சேர்ந்த மணவாழ்க்கை பத்து வருடம் இருந்தால், பாதுகாப்புத் துறையின் நிதி அலுவலகமே உங்கள் பங்கை நேராக அனுப்பும். இல்லையென்றால் அவர் கையால்தான் வாங்க வேண்டும் (மாதாமாதம் நினைவூட்டும் தலைவலி தனி).

பல மாநிலங்களில் 8-ஐ 20-ஆல் வகுத்து, அதில் பாதி என்பார்கள். அதாவது 20 சதவீதம். ஆனால் ஊனமுற்ற வீரர்களுக்கான உதவித்தொகை வாங்குவதற்காக அவர் விட்டுக்கொடுக்கும் பென்ஷன் தொகையில் பங்கு கேட்க முடியாது. அந்த இழப்பை ஈடுகட்டச் சொல்லி மாநில நீதிமன்றம் உத்தரவிடவும் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

அவர் இறந்தால் உங்கள் பங்கும் நின்றுவிடும். வாரிசு ஓய்வூதியத் திட்டத்தில் உங்களைச் சேர்க்கும்படி தீர்ப்பிலேயே எழுதி வாங்கி, தீர்ப்பு வந்த ஒரு வருடத்துக்குள் நீங்களே மனுப் போட்டுவிடுங்கள்.