பரணுக்குப் போன தையல் மெஷின்

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம்: வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். 2 லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்), ஒரு டிரில் மெஷின், 2 கிரைண்டர், எல்லாமே பழசாக வாங்கியவை. உள்ளே பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது. இப்போது மூடப்போகும் பட்டறை ஒன்றில் ஷேப்பர் (டூலை முன்னும் பின்னும் ஓட்டி இரும்பைச் செதுக்கும் மெஷின்) சல்லிசாக வருகிறது. வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது, மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். இரண்டாவது லேத்துக்கு இடம் வேண்டி "மனைவியின் தையல் மெஷினைத் தற்காலிகமாகப் பரணில் ஏற்றினோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி. அடுத்த வரியில் சக் (லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) எத்தனை அங்குலம் என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டாவது லேத்தோ மூன்று ஃபேஸ் மோட்டார், வீட்டில் ஒரு ஃபேஸ்தான், வந்த நாளிலிருந்து ஓடவே இல்லை என்பதும் இருக்கிறது. ஆக, ஓடாத மெஷினுக்காக, தினமும் ஓடி நாலு காசு கொண்டுவந்த மெஷினைத் தூக்கி மேலே போட்டிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

மனைவிக்குப் புரியவைக்க ஒன்றுமே இல்லை, அவருக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கும். பொழுதுபோக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கையால் ஒரு பொருளைச் செய்கிறவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் ஆசைக்காக இன்னொருவர் சம்பாத்தியம் நின்றுபோனால் அதைப் பொழுதுபோக்கு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. 'இந்த மாதிரி மெஷின் இனிமேல் கிடைக்காது' என்று சொல்வீர்கள், பழைய மெஷின் வாங்குகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்கு மாறுகிற பட்டறைகளிலிருந்து கையால் ஓட்டும் மெஷின்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இந்த வாரமே தையல் மெஷினை இறக்குங்கள். பழைய பஞ்சையும் பிசுக்கையும் சுத்தம் செய்து, தையல் மெஷின் எண்ணெயே விடுங்கள், லேத்துக்கு விடுகிற கெட்டி எண்ணெயை விட்டுத் தொலைக்காதீர்கள். அதை வைப்பது பட்டறைக்குள் வேண்டாம், வெளிச்சமான இடத்தில் வையுங்கள். கிரைண்டர் தூள் துணியில் படியும். சொல்லப்போனால் அந்தத் தூள் லேத்தின் பெட், அதாவது மற்ற பாகங்கள் நகரும் அடித்தளம், அதையும் அரித்துவிடும், நெருக்கமான அறையில் லேத்துக்குப் பக்கத்தில் கிரைண்டர் வைப்பதே தப்பு.

அப்புறம் 2 லேத்தில் ஒன்றை விற்க வேண்டும். எது என்று முடிவு செய்ய ஒரு வழி: டூலைத் தாங்கி நகரும் சாடிலைச் சக் பக்கம் கொண்டுபோய், அதன் பூட்டை லேசாக இறுக்கி, எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகிப் பிடித்தால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. அதிகம் தேய்ந்ததை விற்றுவிடுங்கள், விஷயத்தைச் சொல்லியே விற்றுவிடுங்கள். கைப்பிடியைத் திருப்பினால் கொஞ்சம் காலியாகச் சுற்றுவது பெரிய குறை இல்லை, அந்தக் கைப்பிடித் திருகின் நட்டை மாற்றிக்கொள்ளலாம். பெட்டை மறுபடி சமன் செய்வதுதான் பெரிய வேலை. மரை வெட்டும் கியர் செட்டை அந்தந்த லேத்தோடு சேர்த்தே கொடுங்கள், தனியாகத் தேடுகிறவன் பாடு பெரும்பாடு. ஒருவேளை அந்த மூன்று ஃபேஸ் லேத்தை வைத்துக்கொள்வதானால் மோட்டாரை மாற்றுங்கள், அல்லது ஒரு ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி. போடுங்கள். அந்தச் செலவையும் வாங்கிய விலையோடு சேர்த்து எழுதிப் பாருங்கள்.

ஷேப்பர் இப்போது வேண்டாம். மில்லிங் மெஷின் அதன் வேலையை எடுத்துக்கொண்டதால்தான் அது மலிவாக வருகிறது. நல்ல மெஷின்தான், ஒற்றை டூலைக் கிரைண்டரில் தீட்டிக்கொண்டே சாவிக்காடியும் (தண்டில் பல்சக்கரத்தைப் பூட்டும் பள்ளம்) சமதளமும் எடுத்துவிடலாம். ஆனால் டூலைத் தாங்கிய ராம் என்ற பகுதி முன்னும் பின்னும் போய்வரும், சூடான பிசிறு முன்பக்கம் தெறிக்கும். பின்னால் ராம் நீட்டிக்கொண்டு வருகிற இடத்தில் ஆள் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நடக்கிற அறையில் அதை எங்கே வைப்பீர்கள்?

ஒரு லேத் போய், கிரைண்டர் இடம் மாறி, தரையில் சாக்பீஸால் ராமின் முழு ஓட்டத்தையும் சேர்த்து வரைந்து, அப்போதும் இடம் மிச்சமிருந்தால் போய்ப் பாருங்கள். அதுவும் மெஷின் ஓடும்போது மட்டும். ஓடவிடாமல் விலை பேசுகிறவரிடம் வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறை ராம் திரும்பும்போதும் 'டக்' என்று அடித்தால் உள்ளே இருக்கிற கட்டையும் தண்டும் தேய்ந்திருக்கும். கதவின் அகலத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்.