சும்மா உக்கார்ற வேலையா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் ஈப்போவுல இருந்து எழுதறேன். இன்ஃபர்மேஷன் மேனேஜ்மெண்ட் டிப்ளோமா முடிச்சிருக்கேன். கோலாலம்பூர்ல (கேஎல்) ஒரு காலேஜ் லைப்ரரியில ரெஃபரன்ஸ் கவுண்டர் வேலைக்கு, அதான் கேள்வியோட வர்றவங்களுக்குத் தேடிக் குடுக்கற வேலைக்கு, இண்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் அந்த வேலை பார்த்தவங்கன்னு தெரியும். "சும்மா உக்காந்திருக்க எதுக்கு கேஎல் வரைக்கும் போகணும்"ங்கறாங்க எங்கம்மா. இனிமே எல்லாத்தையும் ஏஐ சொல்லிடும், கவுண்டரையே தூக்கிடுவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்தறாங்க. போகலாமா? பேர் போடவேண்டாம்கா.

வணக்கம்மா,

அம்மா சொல்றது பாதி உண்மைதான், உக்காந்துதான் இருக்கணும். பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, வைஃபை பாஸ்வேர்ட் என்ன, டாய்லெட் எங்க, ஸ்டேப்ளர் இருக்கா, ஒரு நாள்ல பெரும்பாலும் இதுதான் கேள்வி. இதுக்கு முகம் சுளிச்சா இந்த வேலைக்கு வராதீங்க, ஏன்னா ஸ்டேப்ளர் கேட்டு வந்த பிள்ளைதான் மறுநாள் தயங்கித் தயங்கி வந்து உண்மையான கேள்வியைக் கேக்கும்.

ஒரு பையன் வந்தான். முதல்ல மலாய்லதான் பேசினான், நான் தமிழ்ல பதில் சொன்னதும், "மிஸ், எஸ்டேட் பத்தி புக் இருக்கா?"ன்னான். ஷெல்ஃப் நம்பரை எழுதிக் குடுத்து அனுப்பியிருந்தா அரை நிமிஷ வேலை. அசைன்மெண்டான்னு கேட்டேன், இல்லன்னான், எந்த எஸ்டேட்னு கேட்டேன், கிள்ளான் பக்கம்னான், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நின்னான். கடைசியில, அவங்க பாட்டியோட அப்பா 1941-ல கிள்ளான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிங்க பண்ண ஸ்ட்ரைக்ல போலீஸ்ல மாட்டினவராம், பாட்டிக்கு இப்ப உடம்பு முடியல, அது பேப்பர்ல வந்திருக்கான்னு பார்க்கணும். அவன் கேக்க வந்தது இது. முதல்ல கேட்டதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

அந்தக் கால இங்கிலீஷ் பேப்பருங்க சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர் சைட்ல இருக்கு, 1941 ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்லாம் வீட்ல இருந்தே படிக்கலாம். அவன் "ஒர்க்கர்ஸ்"னு போட்டு தேடிக்கிட்டே இருந்தான், சரியா மாட்டல. தம்பி, அந்தக் காலத்துப் பேப்பர் நம்மள ஒர்க்கர்னு எழுதாது, "கூலி"ன்னு போடுன்னு சொன்னேன். டைப் பண்ண ஒரு செகண்ட் யோசிச்சான். போட்டதும் வந்துச்சு. சீனத் தொழிலாளிக்குக் குடுக்கற சம்பளத்தையே எங்களுக்கும் குடுன்னு கேட்டதும், துரை வந்தா சைக்கிள விட்டு இறங்கமாட்டோம்னு நின்னதும், கடைசியில பட்டாளத்தை இறக்கினதும் நமக்குக் கதையாத் தெரியும், அவனுக்கு அன்னைக்கு தேதி போட்ட பேப்பராக் கிடைச்சுது. பூட்டன் பேரு வரல. கூலிக்கெல்லாம் பேர் போடற வழக்கம் அதுல குறைவு. இருந்தாலும் ரெண்டு பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனான், அதுலயும் பிரிண்டர் பேப்பர் மாட்டிச்சு, அது வேற கதை.

ஏஐ விஷயத்துக்கு வரேன். நான் வேலையை விடறதுக்கு முந்தின செமஸ்டர்ல ஒரு பொண்ணு ஏஐ குடுத்த ஆறு கட்டுரையோட லிஸ்ட் கொண்டுவந்து இதெல்லாம் எடுத்துக் குடுங்கன்னுச்சு. ஜர்னல் நிஜம், எழுதினவங்க நிஜமான ஆளுங்க, வால்யூம் நம்பர்கூட நம்பற மாதிரி இருக்கு, கட்டுரை மட்டும் ஒண்ணுகூட கிடையாது. மத்தியானம் முழுக்கத் தேடினேன். இல்லாததை இல்லன்னு சொல்ல, இருக்கறதை எடுத்துக் குடுக்கறதைவிட நேரமாகும். கவுண்டரைத் தூக்கினா அந்தப் பிள்ளை யார்கிட்டப் போகும்?

தமிழ் தெரிஞ்ச ஆளுக்கு இதுல இன்னொரு வேலையும் இருக்கு. எங்க காலேஜ்ல தமிழ் புக்கு ரெண்டு ஷெல்ஃப்தான், மத்ததை யுனிவர்சிட்டி கேட்டலாக்ல தேடி இரவல் வாங்கணும். தமிழ்ப் பேரை ரோமன்ல ஏத்த அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட முறை ஒண்ணு இருக்கு, அதுல க எங்க வந்தாலும் கே-தான், ஜி கிடையாது. ச-வுக்கு சி-தான், எஸ் கிடையாது. த-வுக்கு வெறும் டி, கூட எச் வராது. நம்ம பிள்ளைங்க வாய்க்கு வர்ற மாதிரி கங்காணிக்கு ஜி போட்டு, சிலப்பதிகாரத்துக்கு எஸ் போட்டு, தோட்டத்துக்கு டிஎச் போட்டு தேடிட்டு, "மிஸ் தமிழ்ல புக்கே இல்ல"ன்னு வந்து நிக்குதுங்க. புக்கு உள்ளதான் இருக்கும். பக்கத்து சீட்காரங்களுக்கு இது தெரியாது, அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. இண்டர்வியூல தமிழ் தெரிஞ்சா என்ன பிரயோஜனம்னு கேட்டா இதைச் சொல்லுங்க.

போர் அடிக்குமான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், அடிக்கும். செமஸ்டர் லீவுல ஈ ஓட்டணும். இந்திய நூலகத் துறையோட தந்தைன்னு சொல்ற, சீர்காழியில பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாரா இருந்துட்டு 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்தவரு, வந்த கொஞ்ச நாள்லயே சலிச்சுப் போய் என்னைப் பழையபடி காலேஜுக்கே அனுப்பிடுங்கன்னு கேட்டவரு. அப்புறம் லண்டனுக்கு அனுப்பினாங்க, திரும்பி வந்து 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு, உங்க டிப்ளோமாவுல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அவருக்கே சலிச்ச வேலைன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

போங்கம்மா. சம்பளத்தை மட்டும் கூச்சப்படாம முதல்லயே கேட்டுடுங்க, கேஎல்-ல ரூம் வாடகை ஈப்போ மாதிரி இல்ல. பசியாறிட்டுப் போங்க, பையில ஸ்வெட்டர் ஒண்ணு வச்சுக்குங்க, லைப்ரரி ஏர்கான் நேரா அந்த கவுண்டர் மேலதான் அடிக்கும்.