எரிந்த போர்டு எங்கே?

கேள்வி: சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்த இரவில் கரண்ட் எகிறி, ரத்தம் பரிசோதிக்கும் அனலைசரின் சர்க்யூட் போர்டு எரிந்துவிட்டது. ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தேன். பழுது பார்த்த செலவு 2,85,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் நிறுவனம் 40 சதவீதம் தேய்மானம் கழித்து 1,71,000 தருகிறதாம். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் என்னைத் திருடன் மாதிரி விசாரித்தார், ஏஜென்ட் போனையே எடுப்பதில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: சர்வேயர் பேசியதையும் ஏஜென்ட் பேசாததையும் விடுங்கள், மனுவில் அதற்கு இடமில்லை. உங்கள் காகிதங்களில் என்னை உறுத்துவது சர்வீஸ் ரிப்போர்ட்தான். 'போர்டு பழுது, எர்த்திங் போதாது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதிக வோல்டேஜ் பற்றி ஒரு சொல் இல்லை. கீழே உங்கள் கையெழுத்து. சர்வேயர் அதை அப்படியே தன் அறிக்கையில் எடுத்துப் போட்டிருக்கிறார்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெஷின் ஓடினால் போதும் என்ற அவசரத்தில் இன்ஜினியர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவார்கள், பழைய போர்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் கொடுத்துவிட்டீர்கள். கரண்ட் எகிறியதால் கருகியதா, தானாகக் கெட்டதா என்று நிபுணர் பார்த்துச் சொல்ல இப்போது பொருளே இல்லை. பக்கத்து வீட்டு டிவி எரிந்ததற்கான ரசீதும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்த புகார் நகலும் ஓரளவு உதவும். அவ்வளவுதான்.

ஸ்பைக் பஸ்டரைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். கண நேரத் துள்ளலைத்தான் அது தடுக்கும். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறி நிமிடக்கணக்கில் நிற்கலாம். அதில் ஸ்பைக் பஸ்டரே கருகும். வோல்டேஜ் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஏன் இல்லை என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வீர்கள்?

உங்களுடையது மின்னணுக் கருவிகளுக்கான பாலிசி என்பதால் தப்பித்தீர்கள். சாதாரணத் தீ பாலிசியில் அதிக வோல்டேஜால் கெட்ட கருவிக்கே விலக்கு உண்டு. உங்கள் வகைப் பாலிசியில், பழுது பார்த்து ஓடவைத்த கருவிக்கு மாற்றிய பாகங்களின் தேய்மானத்தைப் பொதுவாகக் கழிக்கக் கூடாது. ஆயுள் குறைந்த பாகங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தப் பிரிவைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். 2,25,000 பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். வழக்கில் அதற்கு மேல் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பேரம் முடியும்வரை 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பிறகு 'வற்புறுத்தினார்கள்' என்றால் அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடக் கெடு. கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அது நிற்காது.