பக்கவாட்டு மோதலில் ‘பாஸ்’ என்றால் எந்தச் சோதனையில்?

பாளையங்கோட்டை கார் ஷோரூமில் “பக்கவாட்டு மோதலிலும் பாஸ்” என்றார்களாம். நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தச் சோதனை என்று திருப்பிக் கேளுங்கள்.

பக்கவாட்டு மோதலுக்கான ஐ.நா. விதி 95-ல் 950 கிலோ தள்ளுவண்டி 50 கி.மீ. வேகத்தில் கதவில் மோதும். கார்களுக்கு நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பில் 2020 முதல் 1,400 கிலோ, 60 கி.மீ.; மோதல் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கம்பச் சோதனைதான் கொடுமை. கார் 32 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் போய் 254 மி.மீ. விட்டமுள்ள கம்பத்தில் இடிக்கும். தென்காசி ரோட்டில் மழையில் வழுக்கிப் பனையில் மோதுகிற மாதிரி. அடி முழுதும் ஒரே கோட்டில் இறங்கும். ஜன்னலோரம் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் இல்லையென்றால் தலை நேரே கம்பத்தில்தான்.

சோதனையில் மனிதருக்குப் பதில் காரில் உட்கார வைக்கும் பொம்மையையும் பாருங்கள். பழைய இஎஸ்-2-க்கு மார்பில் மூன்றே விலா. சாய்வாக வரும் அடியைச் சரியாக அளக்காது. புதிய வேர்ல்டுசிட் பொம்மைக்கு விலா தோளில் 1, மார்பில் 3, வயிற்றில் 2. விலா எவ்வளவு அமுங்கியது என்று இரண்டும் காட்டும் மில்லிமீட்டரை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். (இரண்டுமே சராசரி ஆண் உருவம், குள்ளமான பெண்ணுக்கு அடி வேறு இடத்தில் படும்.)